இரண்டு சமக்குறி போதாது

ஜூலை 7, திங்கள்

கோதுமை உப்புமா. உப்பும் இல்லை, மாவும் இல்லை, கோதுமையோ இதைத் தன் சொந்தம் என்று எந்தக் கல்யாணத்திலும் அறிமுகப்படுத்தாது. தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். விழவில்லை. பரிமாறும் அக்கா, "வெளையாடாத கண்ணு, தட்டு உடைஞ்சிரும்" என்றார். தட்டு எவர்சில்வர். உடைந்தால் உப்புமாவால்தான் உடையும்.

நாமக்கல்லில் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளி. பெயரை எழுதி இலவச விளம்பரம் தர மாட்டேன். பெரும்பாலோர் ஜூனிலேயே சேர்ந்துவிட்டார்கள். நான் ஒரு மாதம் தாமதம். அப்பாவும் அம்மாவும் வக்கீல் ஆபீஸுக்கு நடப்பதில் மும்முரமாக இருந்ததால் என்னை யாருக்கும் நினைவில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஏ முதல் டி வரை நிரம்பிவிட்டதாம். என்னைப் போல் கடைசியில் வந்து சேர்ந்தவர்களுக்கென்றே இந்த வருடம் புதிதாக ஒரு ஈ பிரிவு. பெயர் பொருத்தம்தான், மெஸ்ஸில் எங்கள் பிரிவுதான் அதிகம் மொய்க்கிறது.

பெயர் அங்கயற்கண்ணி. பட்டியலில் முதல் ஆள், ஆகவே என் எண் 11E1. மதுரையில் எல்லாருக்கும் நான் அங்கு. அங்கு இப்போது இங்கு. சகிக்கவில்லை.

அறைத்தோழி தவமணி. கொல்லிமலைக்காரி. உதவித்தொகையில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தனி எண்ணாம், 101இல் தொடங்கும், அவள் 110. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு விதிப்பலகையைப் படிக்கிற ரகம். என் தட்டைப் பார்த்து, "உனக்கு வேண்டாமா? குடு" என்று வாங்கி வழித்துச் சாப்பிட்டாள். "நல்லாத்தானே இருக்குது" என்றாள். உப்புமாவைவிட அந்த வாக்கியம்தான் குமட்டியது.

சாயங்காலம் வார்டன் சுலோச்சனா மிஸ் விதிகளை வாசித்தார். "கரும்புள்ளி பத்து சேந்துச்சுன்னா பெட்டியக் கட்டிட்டு ஊட்டுக்குப் போயிரணும். அழுதாலும் கெடையாது, அப்பன் ஆத்தா வந்து அழுதாலும் கெடையாது." எல்லாரும் மிரண்டார்கள். எனக்குக் காதில் தேன் ஊற்றியது மாதிரி இருந்தது. பத்து எடுத்தால் மதுரை. என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான பரீட்சையை யாரும் வைத்ததில்லை.

ஜூலை 9, புதன்

விடுதி மணியின் நாக்குக்கு என் காலுறையை மாட்டிவிட்டேன், துவைக்காதது. ஐந்து மணிக்கு அடித்தால் தும்மல் மாதிரி ஒரு சத்தம். முழு விடுதியும் ஏழு வரை தூங்கியது. அன்றைய பொறுப்பு ஆசிரியை என்னைக் காலுறையோடு பிடித்தார்.

"நம்பர் சொல்லு."

"11E1 மிஸ்."

கைபேசியில் எண்ணைத் தட்டினார், 'ஒழுங்கீனம்' என்பதைத் தொட்டார், இரண்டு புள்ளி. எல்லாம் கணினி ஆசிரியர் குழந்தைவேல் சார் தன் கையால் எழுதிய நிரலாம். காலுறையை நுனிவிரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

வார்டன் போனில் ஆளுக்கு ஐந்து நிமிடம். அம்மாவிடம், "கூடிய சீக்கிரம் வந்துருவேன்" என்றேன்.

"எதுக்கு? லீவா?"

"ஒரு சர்ப்ரைஸ். என் ரூமை அப்படியே வச்சிருக்கேல்ல?"

"சாமானெல்லாம் ஒதுக்கிக்கிட்டு இருக்கேன்டி. தூசி. அப்புறம் பேசவா?"

அம்மாவுக்கு ஆடி பிறப்பதற்குள் வெள்ளையடிக்கிற பைத்தியம். நாலாவது நிமிடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

மெஸ் பலகையில் 'மதியம்: சாதம், கூட்டு' என்று எழுதியிருந்தது. கீழே நான் எழுதினேன்: 'கூட்டிப் பார்த்தேன், காய் பூஜ்யம். கழித்துப் பார்த்தேன், தண்ணீர் மிச்சம்.' சுண்ணாம்புக் கட்டி கையில் இருக்கும்போதே மாட்டிக்கொண்டேன். வேண்டுமென்றேதான் இருந்தேன். இரண்டு புள்ளி. ஆக நாலு.

தவமணிக்குக் காய்ச்சல், காலையிலிருந்து கட்டிலை விட்டு எழவில்லை. மெஸ்ஸிலிருந்து கஞ்சி கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். பாசம் ஒன்றும் இல்லை. முனகல் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். கஞ்சியைக் குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்குது" என்றாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ரசத்தில் ஈ. என் பிரிவுக்காரி என்பதால் மரியாதையாக எடுத்து வெளியே விட்டேன்.

ஜூலை 19, சனி

வழிபாட்டுக் கூடத்துக்கு வெளியே இருநூறு ஜோடிச் செருப்பு. எல்லா இடது காலையும் ஒரு குவியல், எல்லா வலது காலையும் கிணற்றடியில் ஒரு குவியல். சாமி கும்பிட்டு வந்தவர்கள் அரை மணி நேரம் நொண்டியடித்தார்கள். இரண்டு புள்ளி, ஆக ஆறு. கைக்கு வந்த நாற்றம் மூன்று சோப்புக்கும் போகவில்லை. உழைப்பு என்றால் சும்மாவா.

ஜூலை 20, ஞாயிறு

எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்து, ஐந்து புள்ளி தாண்டியவர்களின் பெயரை வாசித்தார் வார்டன். நான் தலையைக் கோதிக்கொண்டு தயாராக நின்றேன்.

"தவமணி. ஆறு."

அவ்வளவுதான். பட்டியல் முடிந்துவிட்டது.

தவமணி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "மிஸ், நான் ஒண்ணுமே பண்ணலீங்க மிஸ்."

"கம்ப்யூட்டர் சும்மா போடுமா? ஊமையாட்டம் இருந்துட்டு என்னென்ன பண்றியோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவளப் பாரு. மதுரைக்காரி, வாய் இருக்குது, ஆனா ஒரு புள்ளி இல்ல. நல்ல புள்ள."

நல்ல பிள்ளையாம்.

அறைக்கு வந்ததும் தவமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "ஒளிச்சு வச்சுட்டியேடி. என்ன பண்ணுன? எனக்குத் தெரியாம எப்படிப் பண்ணுன?" அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தொழில் ரகசியம் போல.

இன்று அம்மா போன் எடுக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

என் ஆறு புள்ளி எங்கே போனது என்று தெரியவில்லை. ஆசிரியைகள் சோம்பேறிகள், சேமிக்கிற பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். ஆகவே இன்று எதையும் விதிக்கு விடவில்லை. வழிபாட்டுக்கு முன் மைக்கைப் பிடித்து முழுத் தொண்டையில் கோழி மாதிரி கூவி, "பிராய்லர் பிள்ளைகளே, தீவனம் தயார்" என்றேன். பொறுப்பு ஆசிரியையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 11E1 என்று சரியாகத்தான் தட்டினார். மூன்று புள்ளி. 'பதிவாகிவிட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. ஆக ஒன்பது. இன்னும் ஒன்றே ஒன்று.

சாயங்காலம் வார்டன் தவமணியைக் கூப்பிட்டு அனுப்பினார். கண் வீங்கித் திரும்பி வந்தாள்.

"ஒம்பதாம்," என்றாள். "பெரியப்பாவுக்கு மெசேஜ் தானா போயிருச்சாம். இன்னும் ஒண்ணு விழுந்தா அனுப்பிருவாங்களாம்."

"நீ என்னதான்டி பண்ற?"

"போன செவ்வாக்கெழம ரெண்டு போட்டிருக்குதாம். போன செவ்வாக்கெழம நான் காச்சல்ல கெடந்தேன். நீதான கஞ்சி குடுத்த. படுத்துட்டே என்ன ஒழுங்கீனம் பண்ணியிருப்பேன், நீயே சொல்லு."

போன செவ்வாய். கூட்டு, கழித்தல், சுண்ணாம்புக் கட்டி.

"எங்கூர்ல பத்தாவதோட சரி. மேல படிக்கப் பக்கத்துல பள்ளிக்கூடம் இல்ல, தூரத்துல இருக்கறதுக்குப் பஸ் இல்ல. இங்கிருந்து போனா மொளகு பறிக்கத்தான்" என்றாள். அழுதுகொண்டே நாளைய சீருடையை மடித்து வைத்தாள், சட்டை விளிம்பும் விளிம்பும் ஒட்டுகிற மாதிரி. ஒழுக்கம் இந்த அளவுக்குப் போனால் அது ஒரு வியாதி.

ஜூலை 23, புதன்

கணினி ஆய்வகம். வருகையை எக்செல் தாளில் அவரவரே அடிக்க வேண்டும். நான் 11E1 என்று அடித்து அடுத்த கட்டத்துக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் என் எண் இருந்த இடத்தில் 1.10E+02 என்று நிற்கிறது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே அசிங்கம்.

"சார், என் நம்பரை இது தின்னுட்டு வேற என்னத்தையோ கக்குது."

குழந்தைவேல் சார் சிரித்தார். சட்டைப் பையில் நாலு பேனா, எதுவும் எழுதாது. "அதுவா. நடுவுல E வந்தா அது பத்தின் அடுக்குன்னு நெனச்சுக்கும்மா. பதினொண்ணு E ஒண்ணுன்னா, பதினொண்ணு பெருக்கல் பத்தின் அடுக்கு ஒண்ணு. அப்ப எவ்வளவு?"

"நூத்திப்பத்து."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

சார் அடுத்த வரிசைக்குப் போனதும் அவர் மேஜைக் கணினியில் கரும்புள்ளிப் பக்கம் திறந்திருப்பதைப் பார்த்தேன். தேடும் கட்டத்தில் 11E1 என்று அடித்தேன். இரண்டு சடையோடு தவமணி வந்து நின்றாள். எண் 110. புள்ளிகள் 9. பட்டியலில் நானும் இருக்கிறேன், அவளுக்கு எவ்வளவோ கீழே, பூஜ்யத்தோடு. நிரல் மேலிருந்து தேடிக்கொண்டு வருகிறது, சமம் என்று படுகிற முதல் ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. அவளைத் தாண்டி என்னிடம் அது வந்ததே இல்லை.

சாரிடம் நல்ல பிள்ளை முகத்தோடு கேட்டேன், எழுத்தையும் எண்ணையும் கணினி எப்படி ஒப்பிடும் என்று. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாணவியைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும் போல, மணியடித்த பிறகும் விடவில்லை. கேட்டதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இவ்வளவு கேவலத்தைத் தலைக்குள் மட்டும் வைத்திருக்க முடியாது.

பைத்தான் என்ற கணினி மொழி உறவு கொண்டாடாத வீடு. மேற்கோளுக்குள் இருக்கும் 110ஐயும் சும்மா இருக்கும் 110ஐயும் காட்டிச் சமமா என்றால் இல்லை என்று விடும். எது பெரியது என்று கேட்டால், போடா, இது கேள்வியே இல்லை என்று பிழையை மூஞ்சியில் வீசும். ஜாவாஸ்கிரிப்ட் ஆளுக்கேற்ற மாதிரி பேசும். ஒன்று எண்ணாக இருந்தால் இன்னொன்றையும் எண்ணாக்கிப் பார்க்கும். இரண்டும் எழுத்தாக வந்தால் அகராதியாகி முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும், 9ஐத் தூக்கி 10க்கு மேல் உட்காரவைக்கும். சார் கரும்புள்ளி நிரலை எழுதியிருப்பது பிஎச்பி என்ற மொழியில். அதுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் அதற்கு எல்லாரிடமும் நல்ல பெயர் வேண்டும். இரண்டும் எழுத்தாகவே வந்தாலும், பார்க்க எண் மாதிரி இருந்தால், பாவம் எண்ணாகத்தான் வர நினைத்திருக்கும் என்று தானாக முடிவுகட்டி, எண்ணாக மாற்றி, சமம் என்று சொல்லிவிடும். யாரும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

என்னையும் அந்த உப்புமா ரசிகையையும் ஒரே ஆள் என்று ஒரு இயந்திரம் இரண்டு வாரமாக நம்பியிருக்கிறது. இதைவிட அவமானம் எனக்கு நடந்ததில்லை.

விடை சுலபம். சொல்லிவிட்டால் அவள் தங்குவாள், ஒன்பதும் என் கணக்குக்கு வரும், இன்னொரு சேட்டை, மதுரை. இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசிவிட்டுத் திங்கள் காலையில் சொல்கிறேன். அம்மாவுக்கும் முன்கூட்டித் தெரிய வேண்டும் இல்லையா, சமையலுக்கு.

ஜூலை 27, ஞாயிறு

"அம்மா, அடுத்த வாரம் வந்துருவேன்."

"எங்கடி வருவ?"

"வீட்டுக்கு."

போனில் அம்மாவுக்குப் பின்னால் யாரோ பெண்கள் பக்கெட்டுக்குச் சண்டை போடுகிற சத்தம்.

"வீட்டைக் காலி பண்ணியாச்சு அங்கு. அப்பா அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டாரு. நான் இப்ப லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன், ஆபீஸுக்குப் பக்கம். ஒரு கட்டில், ஒரு அலமாரி. நல்லாத்தான் இருக்கு. பிள்ளைகளைச் சேக்க மாட்டாங்க. நீ அங்க நிம்மதியாப் படி, என்ன? உனக்குப் புள்ளி எதுவும் இல்லைன்னு உங்க வார்டன் சொன்னாங்க. சந்தோசமா இருந்துச்சு."

"அங்கயும் உப்புமாவா?" என்றேன்.

"செவ்வாய், வெள்ளி."

ஐந்து நிமிடம் முழுதாக முடிந்தது. அடுத்து நின்றவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜூலை 28, திங்கள்

உப்புமா. சாப்பிட்டேன். சாரிடம் சொல்வதாக இருந்ததை ஒத்திவைத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று எந்தச் சேட்டையும் செய்யவில்லை. "திருந்திட்டியா கண்ணு" என்றார் பொறுப்பு ஆசிரியை. துப்பத் தோன்றியது, யார் மேல் என்று தெரியவில்லை.

தவமணி பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்னொரு புள்ளி விழுந்துவிடும் என்று பயந்து கழிப்பறைக்குக்கூட அனுமதி கேட்டுப் போகிறாள். காலையில் என் வாளியிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை. எனக்கு அவளைக் கண்டாலே பிடிக்கவில்லை.

ஜூலை 30, புதன்

வார்டன் அவளிடம் அன்பாகப் பேசினாராம். "பத்து ஆவறதுக்குள்ள நீங்களே கூட்டிட்டுப் போயிட்டா டிசியில ஒண்ணும் எழுத மாட்டோம், சுத்தமா இருக்கும்" என்று. பெரியப்பா நாளைக்கு வருகிறார். அவள் புத்தகங்களைச் சணலால் கட்டிக்கொண்டிருக்கிறாள். கணக்கு நோட்டில் மிச்சமிருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்து, "உனக்கு வேணுமா?" என்று நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். இதை அதில்தான் எழுதுகிறேன். தாள் வழவழவென்று கைக்கே ஒட்டாமல் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

பெரியப்பா அலுவலக வாசல் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலாப்பழம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க. துரத்துகிறவர்களுக்குப் பலாப்பழம். அதைப் பார்த்ததும்தான் என் கால் உள்ளே போனது. நான் அனுப்பவில்லை. உள்ளே வார்டன் மேஜைக்கு முன்னால் தவமணி நின்றிருந்தாள்.

"மிஸ், அவ புள்ளி எல்லாம் என்னுது."

சுலோச்சனா மிஸ் நிமிரவில்லை. "சிநேகிதிக்காகப் பழி ஏத்துக்கறியா? சினிமா பாத்துக் கெட்டுப் போச்சுங்க எல்லாம்."

"சிநேகிதியெல்லாம் இல்ல மிஸ். எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது. தேடுற கட்டத்துல என் நம்பரைப் போட்டுப் பாருங்க."

போட்டார். தவமணி வந்தாள். எதிரில் நின்ற தவமணியையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். குழந்தைவேல் சாருக்கு ஆள் போனது. சார் வந்து, நான் ஏதோ இடைவெளி விட்டு அடித்திருப்பேன் என்றார். தானே அடித்தார். தவமணி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எல்லாவற்றுக்கும் தவமணி.

"நீங்கதான சார் சொன்னீங்க, பதினொண்ணு E ஒண்ணுன்னா எவ்வளவுன்னு."

சார் முகத்தில் ரத்தம் ஏறியது. யாரையும் பார்க்காமல், "அந்த மொழி அப்படித்தாங்க மேடம்," என்றார். "யாராச்சும் ஏழுக்குப் பதிலா சைபர் சைபர் ஏழுன்னு அடிச்சாலும் புரிஞ்சுக்கட்டும்னு ரெண்டு சமக்குறி போட்டேன். போன வருசம் வரைக்கும் E செக்ஷனே கெடையாதுங்களே."

"அப்ப என்ன பண்ணோணும்?"

"மூணு சமக்குறி போட்டா எழுத்தை எழுத்தாத்தான் பாக்கும். எண்ணா மாத்தாது."

"ஒரு குறிக்காகவா இந்தப் புள்ளைய ஊட்டுக்கு அனுப்பப் பாத்தோம்?"

சார் உட்கார்ந்து நிரலைத் திறந்து, சமக்குறி விசையை ஒரு முறை தட்டினார். மூன்று வாரத்துக்கு ஒரு தட்டு. பிறகு புள்ளிகளைத் தேதி தேதியாக இடம் மாற்றினார். தவமணிக்கு நேரே பூஜ்யம் வந்தது. எனக்கு ஒன்பது.

அப்போதுதான் தவமணி வாயைத் திறந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம் புதன்."

"நான் உனக்குத் தண்ணி புடிச்சு வெச்சப்ப, பொஸ்தகம் கட்டினப்ப, எல்லாம் தெரியும்?"

"ம்."

என்னைப் பார்த்தாள். மூக்கும் வாயும் ஒரு பக்கமாகச் சுருங்கின. அந்த உப்புமாவை முகம் சுளிக்காமல் மூன்று கரண்டி சாப்பிடுகிறவள், என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

வார்டன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மறைச்சதுக்கு ஒண்ணு போடோணும், நியாயமாப் பாத்தா. போட்டா பத்து. உங்கம்மாவுக்கு என்ன நெலமன்னு எனக்குத் தெரியும் கண்ணு." அவருக்கே முடிவெடுக்கப் பிடிக்கவில்லை. "தவமணி, கஷ்டப்பட்டவ நீ. நீ என்ன சொல்ற, உட்டரலாமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தோம். வாசலில் பெரியப்பாவும் எழுந்து நின்றார். விட்டுவிடுங்கள் மிஸ் என்று அவள் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கஞ்சியையே நல்லா இருக்குது என்றவள்.

"போடுங்க மிஸ்," என்றாள் தவமணி. "எனக்கு எல்லாத்தையும் போட்டீங்கள்ல."

சார் 11E1 என்று அடித்தார். திரையில் முதல் தடவையாக என் முகம் வந்தது. பத்து.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மா போனில்: "ரெண்டு பேருக்கு ஒரு ரூம் பாத்துட்டு நாளைக்கு வர்றேன். ஒண்ணும் பேசாத. உன் குரலைக் கேட்டாலே எரிச்சலா இருக்கு."

பேசவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பேருந்தில் எழுதுகிறேன், கிறுக்கலாகத்தான் வரும். முன் இருக்கையில் ஒருவர் வாந்தி எடுக்கிறார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இரண்டு சீட்டு வாங்கிவிட்டு மிச்சச் சில்லறையை என் கையில்தான் வைத்தாள்.

காலையில் பெட்டியை மாடியிலிருந்து படிப்படியாக இழுத்துக்கொண்டிருந்தேன். தவமணி வந்தாள். இன்னொரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். வாசல் கேட் வரைக்கும் இரண்டு பேரும் ஒரே உயரத்துக்குத் தூக்கி நடந்தோம்.

"மன்னிச்சுட்டியா?" என்றேன்.

"இல்ல," என்றாள். "பெட்டி கனமா இருக்குது."